சேர்த்து வைக்கலைன்னு யாரு சொன்னா?

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒருத்தர், "பையன் ப்ளஸ் டூ முடிச்சுட்டான், காலேஜ் ஃபீஸுக்கு கையில காசில்ல, நாங்க முன்னாடியே சேர்த்திருக்கணுமோ"ன்னு கேட்டிருந்தாரு, நானும் ஏதோ அவசரத்துல "ஆமா, சேர்த்திருக்கணும், இப்ப எஜுகேஷன் லோனுக்குப் போங்க"ன்னு ரெண்டே வரில முடிச்சுட்டேன். அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது இருக்கே! "பேங்க் பென்ஷன்ல உக்காந்துக்கிட்டு எங்க கஷ்டம் எங்க தெரியப் போகுது"ன்னு ஒருத்தர். "வாங்குற சம்பளம் இருபதாம் தேதியோட முடியுது, எதுல இருந்து சேர்க்க"ன்னு இன்னொருத்தர். நியாயம்தான். 31 வருஷம் அரசு பேங்க்ல வேலை பாத்து, அதுல பாதி நாள் லோன் டெஸ்க்ல உக்காந்திருந்தவ அப்படி வெட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாது. அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் (வீட்டு லோன் பத்தி மூணு பக்கம் எழுதின மடிப்பாக்கம் சார் மன்னிக்கணும்) அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இதையே பேசுவோம்.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் ஒரு மில்லுல அக்கவுன்ட்ஸ் பாக்குறாரு, நான் மெட்ரிக் ஸ்கூல் டீச்சர், வேலைக்குப் போக ஆரம்பிச்சதே பொண்ணு எட்டாவது வந்தப்புறம்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 36,000 வருது. பொண்ணுக்கு கட்-ஆஃப் 178. கவுன்சிலிங்ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும்ங்கிறாங்க, ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பக்கம் ஆகுமாம். கையில ரொக்கமா ஒண்ணும் இல்ல. பதினோரு பவுன் நகை இருக்கு, ரெண்டு பாலிசி ஓடுது, ஒரு லட்ச ரூபா சீட்டு பதினாலாவது மாசம் கட்டிட்டு இருக்கோம். நாத்தனார் வந்து "பொட்டப்புள்ள பொறந்தப்பவே சேர்க்க ஆரம்பிச்சிருக்கணும்ல, என்னதான் பண்ணீங்க ரெண்டு பேரும்"னு கேட்டுட்டுப் போனதுல இருந்து தூக்கமே இல்ல. நேத்து ராத்திரி உக்காந்து எல்கேஜில இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் ஸ்கூல் ஃபீஸ், வேன், டியூஷன், புக்ஸ் எல்லாத்தையும் ஒரு நோட்டுல கூட்டிப் பாத்தேன், ஏழு லட்சத்து நாப்பதாயிரம் வருது. நாங்க நிஜமாவே தப்பு பண்ணிட்டோமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: தங்கச்சி, அந்த நோட்டை எடுத்து நாத்தனார் கையில குடுங்க, அதுதான் பதில். நீங்க சேர்க்கலைன்னு யாரு சொன்னா? சேர்த்த காசு எல்கேஜி கேட்லயே உள்ள போயிருச்சு. நம்மூர்ல இது யாரும் கணக்குல வைக்காத ஒண்ணு, காலேஜுக்கு சேர்க்கலைன்னு புலம்புற வீட்டுல எல்லாம் பதினாலு வருஷம் ஸ்கூலுக்குக் கட்டின ரசீது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கும். அதுலயும் 2007 அட்மிஷன்ல இருந்து நுழைவுத் தேர்வு எடுத்தாச்சு, இனி ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான்னு ஆனப்புறம் நான் கண்ணால பாத்தேன், மே மாசம் வந்தா எஃப்டி உடைக்க வர்றவங்க கூட்டம், எதுக்குன்னு கேட்டா "புள்ளைய நாமக்கல்ல சேர்க்கிறோம் மேடம்"பாங்க. ரெண்டு வருஷம் ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டா கட்-ஆஃப் ஏறும், கட்-ஆஃப் ஏறினா நல்ல காலேஜ்ல கம்மி ஃபீஸுல சீட்டு, அப்ப காலேஜ் காசு மிச்சம்தானேன்னு கணக்கு. கணக்கு தப்பில்ல. ஆனா காலேஜ் காசை மிச்சம் பிடிக்கிறதுக்காக காலேஜ் காசையே செலவு பண்ணினவங்கதான் அதுல பாதிப் பேரு. புள்ளைக்கு 185தான் வந்துச்சுன்னா நல்ல சீட்டும் போச்சு, காசும் போச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இது 2010 ஜூன்னு நினைக்கிறேன். ஒருத்தர் மஞ்சப்பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள நாலு பாலிசி பாண்டு, எல்லாம் மடிப்புக் கலையாம. பையனுக்கு சீட் கிடைச்சிருச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள 60,000 கட்டணும், இதை வச்சுக்கிட்டு லோன் குடுங்கன்னாரு. நான் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணு 2014ல முதிர்வு, ஒண்ணு 2016, ஒண்ணு 2019, நாலாவது இன்னும் மூணு வருஷம்கூட கட்டி முடியல, சரண்டர் பண்ணினா ஒண்ணும் வராது. மனுஷன் பதினஞ்சு வருஷமா வாய வயித்தக் கட்டி சேர்த்திருக்காரு, பொய் சொல்லக் கூடாது. நாலுல ஒண்ணுகூட அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆகல. கடைசில மருமக சங்கிலிதான் ஆச்சு, அப்ரைசர் உரைகல்லுல உரசும்போது அவரு திரும்பி காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

அவரை சொல்றேன், நான் என்ன யோக்கியம்? என் பையன் காலேஜுக்குன்னு 2003ல செங்கல்பட்டு தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டேன். பேங்க்காரி, எல்லாருக்கும் அட்வைஸ் பண்றவ. 2011ல ஃபீஸ் கட்டணும்னு விக்கப் போனா பட்டா இன்னும் பழைய ஆள் பேர்லயே கூட்டுப் பட்டாவா நிக்குது, உட்பிரிவு பண்ணல, வாங்க வந்தவன் டீ குடிச்சுட்டுப் போயிட்டான். பையன் லோன்லதான் படிச்சான். மனை இப்பவும் இருக்கு, வேலிக்காத்தான் முளைச்சு.

அதனால சேர்த்திருக்கணுமாங்கிற கேள்விக்கு என் பதில், சேர்த்தீங்க, ஆனா ஜூன் மாசம் கையில எடுக்குற மாதிரி சேர்க்கல. தனியார் காலேஜ்ல கவுன்சிலிங் சீட்டுக்கு அரசு ஃபீஸ் கமிட்டி போட்ட கணக்குப்படி வருஷத்துக்கு 50,000, 55,000ன்னு ஓடினது, நாலு வருஷத்துக்கு ரெண்டே கால் லட்சத்துக்குள்ள. மாசம் ஆயிரம் ரூபா பிபிஎஃப்ல (அரசோட நீண்ட கால சேமிப்புக் கணக்கு) 15 வருஷம் போட்டிருந்தா, இப்ப இருக்குற 7.1 சதவீத வட்டிக்கே மூணு லட்சத்துக்கு மேல வந்திருக்கும். ட்யூஷன் ஃபீஸ் தாண்டி கொஞ்சம் மிச்சமே. பெருசா ஒண்ணும் தேவைப்படல பாத்தீங்களா, மாசம் ஆயிரம்தான். ஆனா அந்த ஆயிரம் ஒரு சம்பள வீட்டுல 2008ல எவ்வளவு பெரிய ஆயிரம்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும், அவங்க சொல்லிட்டுப் போயிருவாங்க.

இப்ப ஆக வேண்டியது. சீட்டை இந்த மாசமே ஏலத்துல தள்ளி எடுங்க, இருபது மாச சீட்டுல பதினாலு முடிஞ்சிருச்சுன்னா தள்ளு, அதாவது நாம விட்டுக்குடுக்குற தொகை, ரொம்ப இருக்காது, அது மொத வருஷத்துக்கு ஹாஸ்டல், கட்டில், மெத்தை, பஸ் சார்ஜ் எல்லாத்துக்கும் தாங்கும். நகையைத் தொடாதீங்க. எஜுகேஷன் லோன் நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஈடு, மூணாவது ஆள் ஜாமீன் எதுவும் கேக்கக் கூடாது, நீங்களோ வீட்டுக்காரரோ பொண்ணோட சேர்ந்து கையெழுத்துப் போட்டா போதும். கவுன்டர்ல "வீட்டுப் பத்திரம் இருக்கா"ன்னு ஆரம்பிச்சா ஸ்கீம்ல எங்க அப்படி இருக்குன்னு கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. வித்யாலட்சுமின்னு கல்விக் கடனுக்கான போர்ட்டல் இருக்கு, அதுல அப்ளை பண்ணிட்டு அந்த அப்ளிகேஷன் நம்பரோட போங்க, நம்பர் இல்லாம போனா "அப்புறம் வாங்க"ன்னு அனுப்புறது சுலபம்.

முக்கியமா ஒண்ணு, உங்க வருமானம் வருஷத்துக்கு 4.32 லட்சம் வருது. 4.5 லட்சத்துக்குள்ள இருக்குற குடும்பத்துக்கு தொழிற்கல்வி படிப்புன்னா, படிக்கிற காலம் ப்ளஸ் ஒரு வருஷம், அந்த வட்டிய மத்திய அரசு கட்டுற ஸ்கீம் இருக்கு. ஆனா காலேஜுக்கு நாக், இல்லைன்னா அந்த கோர்ஸுக்கு என்பிஏ, இந்த ரெண்டு தரச் சான்றுல ஒண்ணு இருக்கணும். சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கவுன்சிலிங்ல எந்தெந்த காலேஜ் வேணும்னு வரிசையா போடுறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க, தாசில்தார் வருமானச் சான்றிதழும் இப்பவே எடுத்து வைங்க. (முதல் பட்டதாரி சலுகை உங்களுக்கு வராது, நீங்களே டிகிரி முடிச்சவங்க. படிச்சதுக்கு ஒரு அபராதம்னு வச்சுக்குங்க.)

அந்த வட்டி மானியம் கிடைக்கலைன்னா? வருஷம் ஒரு லட்சமா நாலு லட்சம் வாங்குறீங்க, வட்டி பத்து சதவீதம்னு வச்சுக்குவோம். படிக்கிறப்பவே மாசா மாசம் வட்டிய மட்டும் கட்டிட்டு வந்தா மொத வருஷம் மாசம் 830 ரூபா, ரெண்டாவது வருஷம் 1,670, மூணாவது 2,500, நாலாவது வருஷமும் அடுத்த வேலை தேடுற வருஷமும் 3,330. கட்டாம விட்டா அஞ்சு வருஷத்துல நாலு லட்சம் 5.4 லட்சமா நிக்கும். ஏழு வருஷத்துல அடைக்கணும்னா வட்டி கட்டினவங்களுக்கு இஎம்ஐ 6,600 சொச்சம், கட்டாதவங்களுக்கு ஒம்போதாயிரம் கிட்ட. மொத வேலைக்குப் போற புள்ளைக்கு அந்த வித்தியாசம் பெருசு.

கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். இந்தக் கணக்கை பொண்ணை உக்கார வச்சு சொல்லிட்டீங்களா? நம்ம வீட்டுல புள்ளைக்குத் தெரியாம கடன் வாங்குறதைப் பாசம்னு நினைச்சுக்கிறோம். அவ சாய்ஸ் ஃபில்லிங் போடும்போது வீட்டுல இருந்தே போய் வர்ற மதுரை காலேஜுக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவுல மூணு மூணரை லட்சம் இருக்குன்னு தெரிஞ்சு போடட்டும். தெரிஞ்சும் கோயம்புத்தூர்னா சரி, அவ முடிவு. மேனேஜ்மென்ட் கோட்டான்னு ரிசல்ட் வந்த நாள்ல இருந்து ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும், "சிஎஸ்இ ஒரே ஒரு சீட்தான் இருக்கு மேடம்"னு. டொனேஷன் வாங்கக் கூடாதுன்னு இந்த மாநிலத்துல 1992ல இருந்து சட்டம் இருக்கு, அதனாலதான் அதுக்கு ரசீது தர மாட்டாங்க, ரசீது இல்லாத காசுக்கு எந்த பேங்க்கும் லோனும் தராது. அந்த ஃபோனை கட் பண்ணிருங்க.

கேள்வி: மேடம், எனக்கு 55 வயசு, தனியார் கம்பெனி, இன்னும் மூணு வருஷத்துல ரிட்டயர்மென்ட். பிஎஃப்ல 28 லட்சம் இருக்கு. பையன் நீட்ல கவர்ன்மென்ட் சீட் வர்ற அளவுக்கு எடுக்கல, தனியார் காலேஜ் மேனேஜ்மென்ட் கோட்டால எம்பிபிஎஸ் சேரணும்ங்கிறான். மனைவி "நமக்கு எதுக்குங்க காசு, புள்ளைக்குத்தானே"ன்னு சொல்றா. சரியா சேர்த்து வச்சிருந்தா இன்னைக்கு யோசிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதில்லைன்னு என்னை நானே திட்டிக்கிறேன்.
- வாசகர், தாம்பரம்

பதில்: சார், திட்டிக்காதீங்க, ஒரு கணக்கு சொல்றேன். அந்த கோட்டால ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல. முழுசா வேண்டாம், ஐம்பது லட்சம் மட்டும் சேர்க்கணும்னா பையன் பொறந்த மாசத்துல இருந்து 18 வருஷம், எட்டு சதவீதம் வட்டில, மாசம் 10,400 ரூபா போட்டிருக்கணும். அன்னைக்கு உங்க சம்பளம் எவ்வளவு? கைக்கு வந்ததே அதை விட ரொம்ப அதிகம் இருந்திருக்காது. அதனால அது உங்க தப்பே இல்ல, மாசச் சம்பளக்காரன் சேமிச்சு எட்டுற உயரத்துல அந்த சீட்டை யாரும் வைக்கவே இல்ல. 28 லட்சத்தைத் தூக்கிக் குடுத்தாலும் மூணாவது வருஷம் பாதில நிக்கும், அப்ப வீட்டை வைக்கணும்.

பிஎஃப் போச்சுன்னா மிச்சம் என்னன்னு பாருங்க. இபிஎஸ், அதாவது பிஎஃப்போட சேர்ந்து வர்ற பென்ஷன், சம்பளம் எவ்வளவா இருந்தாலும் 15,000 ரூபா சீலிங்ல கணக்குப் போடுறது, சர்வீஸால பெருக்கி 70ஆல வகுக்கணும், 30 வருஷ சர்வீஸுக்கே 6,400 சொச்சம்தான் வரும். அதுல ரெண்டு பேரு தாம்பரத்துல.

எங்க பிராஞ்ச்ல ஒரு கஸ்டமர், ரிட்டயர் ஆன பணம் முழுக்க பையன் படிப்புக்குப் போட்டாரு. பையன் நல்ல பையன்தான், நல்லா இருக்கான், மாசா மாசம் அனுப்புறான், குறை சொல்ல முடியாது. ஆனா இவரு அஞ்சாம் தேதி வந்து பாஸ்புக் என்ட்ரி போடுவாரு, மெஷின்ல இருந்து புக் வெளிய வந்ததும் கண்ணாடியைத் தூக்கிக் கடைசி வரியை மட்டும் பாப்பாரு. இல்லைன்னா ஏழாம் தேதி வருவாரு. ஃபோன் பண்ணிக் கேளுங்களேன்னா "சேச்சே, அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்"பாரு. பத்தாம் தேதியும் வருவாரு.

பையன்கிட்ட இன்னொரு வருஷம் நீட் எழுதுறியா, இல்ல பிசியோ, ஃபார்மசி, நர்சிங், லேப்னு கவுன்சிலிங்ல வர்ற மத்த கோர்ஸ் எதையாவது பாக்குறியான்னு கேளுங்க. வீட்டுல எவ்வளவு இருக்கு, எவ்வளவு தர முடியும்ங்கிற ரெண்டு நம்பரையும் சொல்லிட்டுக் கேளுங்க. உங்க வீட்டம்மாகிட்டயும் அந்த 6,400ஐச் சொல்லுங்க, "நமக்கு எதுக்குங்க காசு"ன்னு அவங்க சொன்னது அந்த நம்பர் தெரியாம சொன்னது.

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு ஒரு வயசு. செல்வமகளா, மியூச்சுவல் ஃபண்டா, தங்கமா? ஏஜென்ட் ஒருத்தர் பாப்பா பேர்ல சைல்டு பாலிசி போடச் சொல்லி வாரம் ரெண்டு தடவை வீட்டுக்கு வர்றாரு.
- வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, பாலிசி பாப்பாவுக்கு எதுக்கு, அவளா சம்பாதிக்கிறா? உங்க பேர்ல ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் (உங்களுக்கு ஒண்ணு ஆனா மட்டும் குடும்பத்துக்குப் பணம் வர்றது) எடுங்க, ஏஜென்டுக்கு காபி குடுத்து அனுப்புங்க. சேமிப்பும் இன்ஷூரன்ஸும் கலந்த பாலிசி எல்லாம் கடைசில கணக்குப் பாத்தா பெரும்பாலும் அஞ்சு ஆறு சதவீதம்தான் நிக்கும்.

செல்வமகள் நல்லது, 8.2 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 250ல இருந்து ஒன்றரை லட்சம் வரைக்கும் போடலாம், 15 வருஷம் கட்டினா போதும். ஆனா ஒரு முடிச்சு இருக்கு, போஸ்ட் ஆபீஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க. கணக்கு ஆரம்பிச்ச தேதில இருந்து 21 வருஷம் முடிஞ்சாத்தான் முழுசா கைக்கு வரும், படிப்புக்குன்னு முன்னாடி எடுக்கணும்னா அவளுக்கு 18 ஆனப்புறம், இல்ல பத்தாவது பாஸ் பண்ணினப்புறம், முந்தின நிதியாண்டு முடிவுல இருந்த பேலன்ஸ்ல பாதிதான். உங்க பாப்பாவுக்கு இன்னைக்கு ஆரம்பிச்சா முழுப் பணம் அவளுக்கு 22 வயசுல வரும், அப்ப காலேஜே முடிஞ்சிருக்கும். அதனால மாசம் மூவாயிரம் போட முடியும்னா ரெண்டாயிரம் செல்வமகள்ல, ஆயிரம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்ல (ஷேர் மார்க்கெட் குறியீட்டை அப்படியே பின்பற்றுற மியூச்சுவல் ஃபண்ட்). அந்த ஃபண்ட் பணத்தை அவ ஒன்பதாவது பத்தாவது வர்றப்ப எடுத்து எஃப்டில போட்டுருங்க, கடைசி வருஷம் மார்க்கெட் விழுந்துச்சுன்னா அந்த ஜூன் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. தங்கம் அவ கழுத்துக்கு வாங்குங்க, ஃபீஸுக்கு வாங்காதீங்க.

கேள்வி: கல்யாணத்துக்குன்னு சேர்த்த நகையை பொண்ணு படிப்புக்கு விக்கலாமா? மாமியார் சம்மதிக்க மாட்டேங்குறாங்க.
- வாசகி, கும்பகோணம்

பதில்: லோன் கிடைக்கிற வரைக்கும் விக்காதீங்க. கிடைக்கலைன்னா, நகை பொண்ணோடதுன்னா பொண்ணைக் கேளுங்க, உங்களோடதுன்னா நீங்களே முடிவு பண்ணுங்க. மாமியாரோடதுன்னா விடுங்க.

கேள்வி: எங்க அப்பா எனக்காக ஒரு பைசா சேர்க்கவில்லை. நான் அரசு கல்லூரியில் படித்தேன், என் இரண்டு தம்பிகளும் படித்தார்கள். இந்தக் காலத்துப் பெற்றோருக்கு எதற்கு இத்தனை புலம்பல்?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உங்க அப்பா சேர்க்கல, ஏன்னா சேர்க்க வேண்டிய வேலையை கவர்ன்மென்ட் பாத்துச்சு. அரசு கல்லூரி, எய்டட் கல்லூரி, ஹாஸ்டல் ஸ்காலர்ஷிப், அதுதான் உங்க அப்பாவோட சேமிப்பு. 1984ல எம்ஜிஆர் ஆட்சில சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுத்தாங்க, நான் அதைத் தப்புன்னு சொல்லல, அது இல்லைன்னா எத்தனையோ வீட்டுல மொத இன்ஜினியர் வந்திருக்க மாட்டாங்க. ஆனா அன்னைல இருந்து சீட்டோட எண்ணிக்கை ஏற ஏற பில்லு மெதுவா வீட்டுப் பக்கம் நகர்ந்து வந்துருச்சு. ஐஐடியே 2016ல வருஷ ஃபீஸை 90,000ல இருந்து ரெண்டு லட்சம் ஆக்கினாங்க (வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு சலுகை இருக்கு, அதையும் சொல்லிடணும்).

இன்னொண்ணு, உங்க தலைமுறைல சேர்த்தவங்களுக்கு காசு தானா வளர்ந்துச்சு. 1988ல கிசான் விகாஸ் பத்திரம் வந்தப்ப அஞ்சரை வருஷத்துல டபுள். இன்னைக்கு அதே பத்திரம் டபுள் ஆக 115 மாசம், ஒம்போதரை வருஷத்துக்கு மேல. பிபிஎஃப் 1986ல இருந்து 2000 வரைக்கும் 12 சதவீதம் குடுத்துச்சு, ஆறு வருஷத்துல ரெண்டு மடங்கு. அன்னைக்குக் குழந்தைக்கு ஆறு வயசுல ஒரு தொகை போட்டிருந்தா காலேஜ் போறப்ப நாலு மடங்கு, இன்னைக்கு 7.1ல போட்டா ரெண்டே கால் மடங்குதான். அதுக்கு மேல பென்ஷன். நீங்க ஆசிரியரா இருந்தீங்க, உங்களுக்குப் பழைய பென்ஷன் வருது, 2003 ஏப்ரலுக்கு அப்புறம் வேலைக்கு வந்து அந்தப் பழைய பென்ஷன் இல்லாத ஆசிரியர்கிட்ட போய் "ஏம்ப்பா புலம்புற"ன்னு கேட்டுப் பாருங்க, அவரு புள்ளைக்கும் சேர்க்கணும், தனக்கும் சேர்க்கணும்.

கோவிச்சுக்காதீங்க ஐயா, கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு.

கேள்வி: மேடம், நான் திருச்சில இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். சேர்றப்ப அப்பா ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். அது என் பேர்ல லோன்னு இப்பதான் தெரியும், எவ்வளவுன்னு இப்பவும் தெரியாது. கேட்டா "நீ படிக்கிற வேலையைப் பாரு"ங்கிறாரு. ரூம்மேட்டுக்கு எல்லாம் அவங்க அப்பாவே சேர்த்து வச்சு கட்டிட்டாரு. எனக்கு கோவமா வருது, கோவப்பட்டா அதுவும் தப்பா தெரியுது.
- மாணவி, திருச்சி

பதில்: கண்ணு, கோவம் வர்றது சகஜம்தான், ஆனா உங்க அப்பா லோன் வாங்கினதுக்கு வரல, சொல்லாம வாங்கினதுக்கு வந்திருக்கு. ரெண்டும் வேற வேற. ரூம்மேட் அப்பா எப்படிக் கட்டினாருன்னு அவளுக்கும் முழுசா தெரிஞ்சிருக்காது, எந்த நகை எந்த பேங்க்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

சட்டப்படி நீதான் கடன் வாங்கினவ, அப்பா கூடக் கையெழுத்துப் போட்டவரு, கட்டலைன்னா ரெண்டு பேரு சிபில் ஸ்கோரும் அடி வாங்கும். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கிடையாது, ஆனா வட்டி தினமும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. நீ வேலைக்குப் போய் கட்டுறப்ப பழைய வரி முறைல இருந்தேன்னா கல்விக் கடனுக்குன்னு ஒரு வரிச் சலுகை இருக்கு, கட்டுற வட்டி முழுசையும் எட்டு வருஷம் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம், அதை இப்ப ஞாபகம் மட்டும் வச்சுக்க.

அப்பாகிட்ட "எவ்வளவு"ன்னு கேக்காத, அவரு மறுபடி படிக்கிற வேலையைப் பாருன்னுதான் சொல்வாரு. லீவுக்கு வீட்டுக்கு வர்றப்ப அவரையும் கூட்டிக்கிட்டு பிராஞ்சுக்குப் போ. ஆதார் கார்டு, காலேஜ் ஐடி எடுத்துக்க. உன் லோன் அக்கவுன்ட், ஸ்டேட்மென்ட் கேக்குற உரிமை உனக்கு இருக்கு. அதுல எந்த செமஸ்டருக்கு எவ்வளவு போச்சு, வட்டி இதுவரைக்கும் எவ்வளவு ஏறியிருக்கு, அப்பா நடுவுல ஐநூறு ஆயிரம்னு ஏதாவது கட்டியிருக்காரான்னு ஒவ்வொரு வரியா பாரு. கட்டியிருப்பாருன்னுதான் எனக்குத் தோணுது. காலைல பத்தரைக்கே போயிரு, பதினொண்ணுக்கு மேல நகைக் கடன் கூட்டம் சேர்ந்துரும், அதுவும் ஜூன் மாசம்.